குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு வீட்டில் ஆறும் காயம்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ வந்த புற்றுநோய்க் கட்டியை அதைச் சுற்றியுள்ள குடலோடும் நிணநீர்க் கணுக்களோடும் வெட்டியெடுத்து, மீதமுள்ள இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பது பெரிய அறுவைச் சிகிச்சை. ஒரு தலைமுறைக்கு முன்புவரை, இது முடிந்தவர் பத்து நாளோ அதற்கு மேலோ மருத்துவமனைக் கட்டிலிலேயே இருப்பார். மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் போட்டிருப்பார்கள். வாயு பிரியும்வரை வாய்க்குத் தண்ணீர் கிடையாது. எழுந்து நடக்கவும் அனுமதி கிடையாது. டென்மார்க்கைச் சேர்ந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் 1990களில் இந்த வழக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இதனால் நோயாளிக்கு விளையும் நன்மை என்ன என்று கேட்டார். பலவற்றுக்குப் பழக்கத்தைத் தவிர வேறு ஆதாரம் இருக்கவில்லை. குழாய்களைச் சீக்கிரம் எடுத்து, அன்றைக்கோ மறுநாளோ உணவு கொடுத்து, வலியை நன்றாகக் கட்டுப்படுத்தி, எழுந்து நடக்க வைத்தபோது, அவரிடம் பெருங்குடல் அறுவை செய்துகொண்டவர்கள் இரண்டு மூன்று நாட்களில் வீடு திரும்பினார்கள். 2001இல் கென் ஃபியரன், ஒல்லே யுங்க்விஸ்ட் ஆகியோர் தொடங்கிய ஐரோப்பிய ஆய்வுக் குழு இந்த முறையை நெறிப்படுத்தி உலகெங்கும் கொண்டுசென்றது. அதன் பல கூறுகள் இன்று தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் நடைமுறையில் உள்ளன.

இந்த மாற்றம் நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் குறைந்தது மருத்துவமனையில் இருக்கும் நாட்கள் மட்டுமே. காயம் ஆறுவதற்கு உடல் எடுத்துக்கொள்ளும் நாட்கள் குறையவில்லை. முன்பு வார்டில் செவிலியரின் பார்வையில் நடந்த ஆற்றத்தின் பெரும்பகுதி இப்போது வீட்டில், மனைவியோ மகனோ மருமகளோ பார்த்துக்கொண்டிருக்க, நடக்கிறது. அவர்கள் கையில் மருத்துவமனை தருவது பெரும்பாலும் ஒரு டிஸ்சார்ஜ் தாளும் மாத்திரைச் சீட்டும்தான். மீதியை, காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் வீட்டில் வழிவழியாக வந்த வழக்கங்களை வைத்து அவர்கள் நிரப்பிக்கொள்கிறார்கள். படுத்தே இருக்க வைப்பது, பத்தியச் சோறு போடுவது, தாகம் எடுத்தால் தண்ணீரும் இளநீரும் கொடுப்பது என்ற அந்த மூன்று வழக்கங்களும் அன்பிலிருந்து பிறந்தவை. ஆனால் குடல் அறுவைக்குப் பிறகு மூன்றுமே கெடுதல் செய்யக்கூடியவை.

முதலில், உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். இணைத்துத் தைத்த குடல் முனைகளில் முதல் சில நாட்கள் திசுவைப் பிணைத்துவைக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் பழைய இழைகள் கரைவது வேகமாகவும், புதியவை உருவாவது மெதுவாகவும் இருக்கும். எனவே அறுவை நடந்த அன்றைவிட மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை அந்த இணைப்பு வலுக் குறைந்து, தையலையோ ஸ்டேப்ளரையோ நம்பியே நிற்கும். கசிவு ஏற்படுமானால் அது பெரும்பாலும் முதல் வாரத்தின் பின்பாதியிலிருந்து தெரியவரும். சிலருக்கு வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூடத் தெரியவரலாம். பெருங்குடல் இணைப்பில் நூற்றில் ஒரு சிலருக்கும், ஆசனவாய்க்கு அருகில் தாழ்வாகப் போடும் மலக்குடல் இணைப்பில் சுமார் பத்துப் பேருக்கும் கசிவு நேர்கிறது. அதனால், ஐந்தாம் ஆறாம் நாளில் வீடு திரும்பியவர் அபாயக் கட்டத்தை முழுவதும் தாண்டிவிட்டார் என்று எண்ணிவிட முடியாது. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொடுவது, நாடித்துடிப்பு ஓய்வில் இருக்கும்போதும் நூற்றுக்கு மேல் ஓடுவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, வாந்தி, குறைந்துவந்த வலி மறுபடி ஏறுவது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றைவிட முக்கியமானது போக்கு: நாளுக்கு நாள் கொஞ்சமாவது தெளிச்சி கூடி வர வேண்டியவர், காரணம் சொல்லத் தெரியாமல் நேற்றைவிட இன்று சோர்ந்து கிடந்தால், அதையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அறுவை செய்த மருத்துவக் குழுவைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். தெருமுனைக் கடையில் வாயு மாத்திரை வாங்கிக் கொடுத்துக் காத்திருந்து ஓர் இரவைக் கழிப்பது உயிரைப் பறிக்கக்கூடிய தாமதம். மலம் போகவில்லை என்று வீட்டிலேயே எனிமா கொடுப்பதும், ஆசனவாயில் மருந்துக் குளிகை வைப்பதும், விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதும் ஆறாத இணைப்புக்கு நேரடி ஆபத்து. வலிக்குக் கொடுக்கும் டிரமடால் போன்ற மாத்திரைகள் மலத்தை இறுக்குவது இயல்பே. அதற்கான இளக்கி மருந்தை மருத்துவரே எழுதித் தர வேண்டும்.

வயிற்றுச் சுவரின் கதை இதைவிட நீளமானது. தோலின் தையலைப் பத்து முதல் பதினான்கு நாட்களில் பிரித்துவிடுவார்கள். வெளியே கோடு மட்டும் தெரியும். அதற்கு அடியில் வயிற்றைத் தாங்கும் நார்ப்படலம் ஆறு வாரத்தில் தன் பழைய வலுவில் ஏறத்தாழப் பாதியைத்தான் எட்டியிருக்கும். முழு வலு ஒருபோதும் திரும்புவதில்லை. நடுவயிற்றில் நீளமாகக் கீறப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்காவது பின்னாளில் அந்த இடத்தில் குடலிறக்கம் வருகிறது. ஆகவே முதல் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு நான்கைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. நிறைந்த தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, இரண்டு வயதுப் பேரக்குழந்தை எல்லாமே இந்த அளவுக்கு மேற்பட்டவை. சமையல் எரிவாயு உருளையில் எரிவாயு மட்டுமே 14.2 கிலோ. லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை செய்துகொண்டவர்கள் வெளியே சிறிய துளைகளை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. உள்ளே வெட்டித் தைத்த குடலின் அளவு இரண்டு முறையிலும் ஒன்றே. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆணுக்கு அறுவை நடந்தால் மூன்று மாதம் ஓய்வு என்று ஏற்றுக்கொள்ளும் அதே வீடுகளில், பெண்ணுக்கு நடந்தால் மூன்றாவது வாரமே அடுப்படியும் துணி வாளியும் அவர் கைக்கு வந்துவிடுகின்றன. யாரும் கட்டாயப்படுத்துவதில்லை, அவரேதான் செய்கிறார் என்பது சமாதானமாகாது. அந்த வேலையை வேறொருவர் முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருந்தால்தான் அவருக்கு ஓய்வு கிடைக்கும்.

தூக்கக் கூடாது என்பதை அசையக் கூடாது என்று புரிந்துகொள்வதுதான் அடுத்த சிக்கல். படுத்தே கிடந்தால் தசை கரைகிறது, நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சளி தங்குகிறது, குடல் அசைவு மந்தமாகிறது. இவற்றைவிட அஞ்ச வேண்டியது காலின் ஆழ்சிரையில் உறையும் ரத்தம். புற்றுநோயே ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும்; இடுப்புக் குழியில் நடந்த அறுவையும் அசைவின்மையும் சேரும்போது அந்த அபாயம் பன்மடங்காகிறது. புற்றுநோய் அறுவை முடிந்தவர்களைப் பின்தொடர்ந்த ஓர் இத்தாலிய ஆய்வில், இப்படி ரத்தம் உறைந்த நிகழ்வுகளில் சுமார் 40 சதவீதம் அறுவைக்கு 21 நாட்களுக்குப் பிறகே, அதாவது பெரும்பாலானோர் வீட்டில் இருந்த காலத்திலேயே, நடந்திருந்தன. அதனால்தான் பல மருத்துவர்கள் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் வகை ஊசியை நான்கு வாரம்வரை தொடரச் சொல்கிறார்கள். வயிற்றுத் தோலுக்கடியில் போடும் அந்தச் சிறிய ஊசியை வீட்டில் உள்ளவர் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். உடம்பு தேறிவிட்டது என்று நடுவில் நிறுத்துவது தவறு. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ அது அவசர ஊர்தியை அழைக்க வேண்டிய நேரம். நடையைப் பொறுத்தவரை, வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் என்று ஒரு நாளில் ஐந்தாறு முறை தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டினால் போதும். மாடிப்படி ஏறலாம். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டால் வலி வெகுவாகக் குறையும். படுக்கையிலிருந்து நேராக நிமிர்ந்து எழாமல், ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும்.

உணவுக்கு வருவோம். ரசம் சாதம், இட்லி, கஞ்சி, பிஸ்கட் என்று மாதக்கணக்கில் ஓட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். முட்டையும் பருப்பும் மீனும் சாப்பிட்டால் தையலில் சீழ் பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். சீழ் கிருமியால் வருவது. கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் புகைப்பழக்கமும் அதற்குத் துணைபோகின்றன. காயத்தை மூடும் கொலாஜன் உண்ணும் புரதத்திலிருந்துதான் உருவாகிறது. பெரிய அறுவைக்குப் பிறகு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்பது ஊட்டச்சத்து நெறிமுறைகளின் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம் அளவு, நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவு என்று கணக்கிட்டால், ரசம் சாதத்தை மட்டும் உண்பவர் தேவையில் பாதியைக்கூட எட்டமாட்டார் என்பது விளங்கும். குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, முட்டை, முள் நீக்கிய மீன், நன்றாக வெந்த கோழிக்கறி, தயிர், பனீர் ஆகியவற்றைச் சிறு சிறு அளவாக ஒரு நாளில் ஆறு வேளையாகக் கொடுப்பதே நடைமுறையில் எளிது. முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒதுக்க வேண்டியது நார்ச்சக்கை: வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத்தண்டு, தேங்காய்த் துருவல், நிலக்கடலை, சோளம், காளான், பலாச்சுளை. வீங்கிய இணைப்பிலோ, சிலருக்கு வயிற்றின் வழியே வெளியே எடுத்துவைக்கும் குடல் வாயிலோ இவை அடைத்துக்கொள்ளக்கூடும். அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சிறிதளவில் திரும்பச் சேர்க்கலாம். காலமெல்லாம் பத்தியம் காக்கத் தேவையில்லை.

இப்போது தண்ணீர். தாழ்வான மலக்குடல் இணைப்பு போட்டவர்களுக்கு, அது ஆறும்வரை மலம் அதன் வழியே போகாமல் இருக்க, சிறுகுடலின் கடைப்பகுதியை வயிற்றுத் தோலுக்கு வெளியே கொண்டுவந்து தற்காலிக வாய் அமைப்பார்கள். இலியோஸ்டமி எனப்படும் இந்த வாயின் மேல்தான் பை ஒட்டப்படும். உடலுக்கு நீரையும் உப்பையும் மீட்டுத் தருவது பெருங்குடலின் வேலை. கழிவு அதைத் தொடாமலேயே வெளியேறும்போது, ஒவ்வொரு லிட்டருடனும் சுமார் 6 கிராம் உப்பு போகிறது. சில வாரங்களில் சிறுகுடல் பழகிக்கொண்டு, நாளொன்றுக்கு 500 முதல் 800 மில்லி அளவில் கூழ்போலக் கழிவு வரும். ஆனால் அறுவைக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அது ஒன்றரை லிட்டரைத் தாண்டுவது அரிதல்ல. இலியோஸ்டமி வைத்தவர்கள் மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்படுவதற்கு முதன்மையான காரணங்களில் ஒன்று இந்த நீரிழப்பும், அதனால் சிறுநீரகத்துக்கு வரும் பாதிப்பும்தான்.

இங்கே வீட்டார் செய்வது, தாகம் என்றதும் செம்பு செம்பாகத் தண்ணீர் கொடுப்பது. கழிவு அதிகமாக இருக்கும்போது உப்பில்லாத நீர் சிறுகுடலின் மேற்பகுதிக்கு இறங்கினால், உடலில் உள்ள உப்பு அந்த நீருக்குள் கசிந்து இரண்டும் சேர்ந்து பையில் வந்து விழுகின்றன. குடித்தது கூடக் கூட இழப்பும் கூடுகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. அதையே நம்பினால் இதே நிலைதான். தேநீர், காப்பி, பாட்டில் குளிர்பானம் ஆகியவையும் உதவா. தேவைப்படுவது ஓ.ஆர்.எஸ். கரைசல், உப்பிட்ட அரிசிக் கஞ்சி, உப்பிட்ட மோர். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் பெயரால் வழங்கும் கரைசலில் ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் ஆப்ப சோடா சேர்கின்றன. கழிவு மிகுந்தவர்களுக்கு மருத்துவர் இதைப் பரிந்துரைப்பதுண்டு. வெறும் தண்ணீரை அப்போது அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது குழப்பமாக இருக்கும், ஏனெனில் உப்பைக் குறைக்கும்படி பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டவர்கள் அவர்கள். இலியோஸ்டமி இருக்கும்வரை அந்த அறிவுரையையும், குறிப்பாகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளையும், மருத்துவரிடம் மறுபடி கேட்டுச் சரிசெய்துகொள்ள வேண்டும். முதல் மாதம் பையைக் காலி செய்யும்போதெல்லாம் ஓர் அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்துக் குறித்துவைப்பதும், தினமும் எடை பார்ப்பதும் அருவருப்பான வேலைகளாகத் தோன்றலாம். ஆனால் சிறுநீர் மஞ்சளடித்துக் குறைந்து, நின்றால் தலை சுற்றி, கால் குரக்குவலி பிடிக்கத் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே அந்தக் குறிப்பு ஆபத்தைச் சொல்லிவிடும். ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், குழைந்த தயிர்சாதம் ஆகியவை கழிவைச் சற்றுக் கெட்டியாக்கும். சித்திரை வைகாசி வெயிலில் இவர்கள் மற்றவர்களைவிடப் பல மடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

பையைக் கையாள்வதில் பயத்தைவிடத் தவறான பொருத்துதல்தான் அதிகத் தொல்லை தருகிறது. வெளியே தெரியும் குடல் வாய், நம் வாயின் உட்புறம்போலச் சிவந்து ஈரமாக இருக்கும். அதற்கு வலி உணர்வு இல்லை. துடைக்கும்போது சிறிது ரத்தம் கசிவது இயல்பு. அது கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒட்டும் தகட்டில் வெட்டும் துளை அந்த வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருக்க வேண்டும். வீக்கம் வடிந்து அது ஆறு முதல் எட்டு வாரம்வரை சுருங்கிக்கொண்டே வருவதால், முதல் நாள் வெட்டிய அளவையே தொடர்ந்தால் சுற்றியுள்ள தோல் செரிமான நீர் பட்டு வெந்துபோகும். தோலை வெதுவெதுப்பான நீரால் கழுவி, ஒற்றி உலர்த்தினால் போதும். தேங்காய் எண்ணெயோ மஞ்சளோ கிருமிநாசினியோ தடவினால் தகடு ஒட்டாது. மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட வேண்டும். ஸ்டோமா எனப்படும் இந்தக் குடல் வாயின் பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கும் மருத்துவமனையில் டிஸ்சார்ஜுக்கு முன்பே நோயாளியும் வீட்டில் ஒருவரும் குறைந்தது இரண்டு முறை தம் கையால் பையை மாற்றிப் பார்த்துவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளர்களும் நோய்த்தணிப்புச் செவிலியர்களும் வீடு தேடி வருகிறார்கள். படுக்கையிலிருந்து எழத் திணறுபவர்களுக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர்களைக் கேட்கலாம்.

ஆசனவாயையும் சேர்த்து அகற்றப்பட்டவர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பை நிரந்தரம்; பின்புறக் காயம், முன்னதாகக் கதிர்வீச்சுப் பெற்றிருந்தால், ஆற மாதங்கள் ஆகலாம். நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையில் உட்கார்ந்தால் அந்தக் காயம் இருபுறமும் இழுபடும். மெத்தென்ற சாதாரணத் தலையணையே மேல். இல்லாத மலக்குடலில் மலம் முட்டுவதுபோன்ற உணர்வு அவர்களுக்கு வருவதுண்டு. அது மனப்பிரமை அன்று, வெட்டப்பட்ட நரம்புகளின் வேலை.

அறுவைக்குப் பிறகு நிணநீர்க் கணுக்களில் நோய் காணப்பட்டவர்களுக்குக் கீமோ தேவைப்படும். அது ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது, அதைத் தாண்டித் தள்ளிப்போகப் போகப் பலன் குறைகிறது. ஆக, முதல் இரண்டு மாதத்தில் ஊட்டமும் நடையும் எதற்காக என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் இல்லை: அடுத்த சிகிச்சையை உரிய நாளில் தாங்கும் உடம்பு வேண்டும். நடையின் பலன் அதோடு முடிவதுமில்லை. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரைக் கொண்டு முதன்மையாகக் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து, 2025இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், மூன்றாண்டுகள் வழிகாட்டுதலோடு உடற்பயிற்சி செய்தவர்களில் எட்டாண்டு உயிர்வாழ்ந்தோர் சுமார் 90 சதவீதம். அறிவுரைக் கையேடு மட்டும் பெற்றவர்களில் சுமார் 83 சதவீதம். அவர்கள் கூட்டிக்கொண்டது வாரத்தில் மூன்று நான்கு நாள் முக்கால் மணி நேர வேக நடை போன்ற பயிற்சிதான். இந்த எண்ணைப் படிக்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஏனெனில் இது காசு கொடுத்து வாங்க வேண்டிய மருந்தன்று.

சோர்வு மட்டும் இவை எல்லாவற்றையும் மீறி இரண்டு மூன்று மாதம் நீடிக்கும். குளித்து முடித்ததும் படுக்கத் தோன்றுவது சோம்பல் ஆகாது. நோயின் பெயரையே நோயாளியிடமிருந்து மறைக்கும் வீடுகளில், அவர் தன் சோர்வுக்குத் தானே கற்பித்துக்கொள்ளும் காரணங்கள் உண்மையைவிடக் கொடியவையாக இருப்பதைக் காண்கிறோம். சொல்லப்படாத இன்னொன்றும் உண்டு. இடுப்புக் குழியின் நரம்புகள் மலக்குடலை ஒட்டியே ஓடுவதால், அறுவைக்குப் பிறகு சிறுநீர் கழிப்பதில் தயக்கமும், ஆண்களுக்கு விறைப்பின்மையும், பெண்களுக்கு உறவின்போது வறட்சியும் வலியும் வரலாம். கதிர்வீச்சு பெற்றவர்களுக்கு இது கூடுதல். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு, கேட்டால்தான் கிடைக்கும்.

இலியோஸ்டமியை மூடி, குடலை மீண்டும் இணைப்பது சாதாரணமாக இரண்டு மூன்று மாதத்திலோ, கீமோ முடிந்த பிறகோ நடக்கும். பை போய்விட்டால் பழையபடி ஆகிவிடும் என்று காத்திருந்த பலருக்கும் அதற்குப் பிந்தைய வாரங்கள்தான் மிகக் கடினமானவை. மலத்தைச் சேர்த்துவைத்துக்கொள்ளும் பை உறுப்பே மலக்குடல். அது அகற்றப்பட்ட பிறகு, நாளில் பத்துப் பதினைந்து முறை போவதும், ஒரு மணி நேரத்துக்குள் நான்கு முறை போவதும், அடக்க முடியாமல் ஓடுவதும், முழுதாகப் போகாத உணர்வும் வரலாம். டென்மார்க் மருத்துவர்கள் 2012இல் ஐந்தே கேள்விகளைக் கொண்டு இந்தத் தொல்லையை அளக்கும் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள்; மலக்குடல் அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு பேருக்கு அது கடுமையான அளவில் இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. மலத்தைத் திரட்டும் இசப்கோல், குடல் அசைவை மெதுவாக்கும் லோப்பரமைடு மாத்திரை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, சாப்பாட்டு நேரத்தை ஒழுங்காக்குவது ஆகியவற்றால் பலருக்கும் ஓராண்டு இரண்டாண்டுக்குள் தொல்லை குறைகிறது. பேருந்துப் பயணத்துக்கு முன் என்ன சாப்பிடலாம், அலுவலகத்தில் கழிப்பறைக்கு அருகில் இடம் கேட்கலாமா என்பன போன்ற சிறிய ஏற்பாடுகள் இந்தக் காலத்தில் மாத்திரைக்கு நிகராக உதவுகின்றன. இரண்டாண்டுக்குப் பிறகும் வீட்டைவிட்டு வெளியேற முடியாத நிலை தொடர்ந்தால், ஆசனவாய் வழியாக வெதுவெதுப்பான நீரைச் செலுத்திக் குடலைத் தூய்மையாக்கும் முறையை, இணைப்பு முழுதாக ஆறியிருப்பதைச் சோதித்த பின், மருத்துவர் கற்றுத் தருவார். அதுவும் போதாதபோது சிலர் தாமாகவே நிரந்தரப் பையைத் தேர்ந்தெடுத்து, வேலைக்கும் கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் மறுபடி போகத் தொடங்குகிறார்கள். அந்த வழி இருக்கிறது என்பதை முதல் அறுவைக்கு முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும்.